பேனர் அடிக்கறதுக்கு முன்னாடி, அண்ணாச்சி

எங்க லைன்ல இருக்கற வியாபாரிகள் சங்கத்து அண்ணாச்சிமாருக்கு, தலைவர் செயலாளர் பொருளாளருக்கு, சந்தா கட்டாம டிமிக்கி குடுத்துட்டு இருக்கற தம்பிமாருக்கும் சேர்த்து, வணக்கம்.

என்னைத் தெரியாதவங்க உங்கள்ல யாரும் இருக்க மாட்டீங்க. செவ்வாயும் வெள்ளியும் காலைல ஒம்பதரைக்கு சைடுல பை தொங்க பைக்ல வந்து நின்னு, நீங்க கல்லாவுல இருந்து தலைய தூக்கறதுக்குள்ள ரேக்கை ஒரு நோட்டம் விட்டுட்டு "சோப்பு ரெண்டு டஜன் போட்டுடவா அண்ணாச்சி"ன்னு கேக்கற ஆளு நான்தான். தாம்பரத்துக்கு தெக்கால இந்த லைன்ல 22 வருஷம் ஓட்டிட்டேன், உங்க பசங்களை டவுசர்ல பார்த்தவன், இப்ப அவங்க கல்லாவுல உக்காந்து எனக்கே ஸ்கீம், அதான் எத்தனை வாங்கினா எத்தனை ஃப்ரீன்னு, பேசறாங்க.

விஷயம் என்னன்னா, போன வாரம் சங்கத்துல பேசி முடிச்சீங்களாம், கடைக்கு 500 ரூபா வசூல் பண்ணி தெரு முக்கு எல்லாம் பேனர் கட்டப் போறீங்களாம், "ஆன்லைனில் வாங்காதீர், அண்ணாச்சி கடையை ஆதரிப்பீர்"னு. நாலு கடைல நாலு பேர் சொல்லிட்டீங்க, அதுல ரெண்டு பேரு என்கிட்டயும் 500 கேட்டீங்க, தரேன், அது பிரச்சனை இல்ல. உங்க கோவமும் நியாயம்தான், நாங்க ஹோல்சேல்ல உங்களுக்கு போடற ரேட்டை விட கம்மியா அந்த டெலிவரி ஆப்ல சில்லறைக்கே வித்தா யாருக்குத்தான் வயிறு எரியாது, எங்க டிஸ்ட்ரிபியூட்டர் முதலாளியே ராத்திரி தூங்கறது இல்ல.

ஆனா அந்த பேனரை படிக்கப் போறவங்கள்ல ஒருத்தி என் வீட்லயே இருக்கா. அத சொல்லத்தான் இந்த மடல்.

ஆமா அண்ணாச்சி, என் வீட்லயும் ஆப்லதான் வாங்கறாங்க. பொழுதுக்கும் உங்க கடை படி ஏறி எறங்கி சோறு திங்கற குடும்பம், சாயங்காலம் ஆனா காலிங் பெல் அடிக்குது, மஞ்ச பேப்பர் கவர் வருது. எனக்கு ஒரு நாள் பத்திக்கிட்டு வந்துச்சு, "ஏண்டி, முக்குல அண்ணாச்சி கடை இருக்கு, ரெண்டு நிமிஷ நடை, அதுக்கு இவனை வரச் சொல்றியே"ன்னு கேட்டேன். ரெண்டு ரூபா கம்மின்னு சொல்லுவான்னு நெனச்சேன். அவ சொன்னது வேற.

"நாப்கின் கேக்கணும்னா நாலு ஆம்பளைங்க நகர்ற வரைக்கும் வாசல்ல நிக்கணும். கேட்டதும் அவரு அங்க இங்க பார்த்துட்டு ஏதோ கள்ளச்சாராயம் குடுக்கற மாதிரி தினத்தந்தில சுத்தி கருப்பு கவர்ல போட்டு குடுப்பாரு. கால் கிலோ உளுந்து கேட்டா 'அரை கிலோவா போட்டுடறேன்'ம்பாரு, வேணாம்னா மொகம் ஒரு மாதிரி போகும். ஒரு சாமான எடுத்து வெல கேட்டுட்டு திருப்பி வெச்சா, பக்கத்துல நிக்கற பையனை ஒரு பார்வை பார்ப்பாரு. போன்ல நான் பத்து சாமான எடுத்துப் போட்டு ஆறை எடுத்துட்டாலும் யாரும் என்னைப் பார்க்கறது இல்ல."

இதுல என்னைக் குத்தினது என்னன்னா, அந்த நாப்கின் நான் சப்ளை பண்ற சரக்கு. என் பொண்டாட்டி கேக்க கூச்சப்படற பாக்கெட்டை நான்தான் மாசாமாசம் டார்கெட் போட்டு உங்க ரேக்ல அடுக்கறேன். 2018ல அதுக்கு ஜிஎஸ்டியையே எடுத்துட்டாங்க, அப்ப நான் உங்க எல்லார்கிட்டயும் வந்து "இனிமே நல்லா மூவ் ஆகும் அண்ணாச்சி"ன்னு ஆர்டர் வாங்கினேன். வாங்க வர்றவங்களுக்கு என்ன சங்கடம்னு அன்னிக்கு நானும் யோசிக்கல, நீங்களும் யோசிக்கல.

அதுக்கப்புறம் லைன்ல போற எடத்துல எல்லாம், கடைல இல்ல, கடைக்கு வெளில, தெரிஞ்ச வீடுகள்ல ஒரு பேச்சுக்கு கேட்டுப் பார்க்க ஆரம்பிச்சேன், "ஏம்மா இப்பல்லாம் அண்ணாச்சி கடைக்கு போறதில்லையா". வெல, பத்து நிமிஷத்துல வருது, இதெல்லாம் முதல்ல சொல்லுவாங்க, கொஞ்ச நேரம் பேச விட்டா உள்ள இருந்து வேற ஒண்ணு வரும். ஒரு பாட்டி சொன்னாங்க, எக்ஸ்பைரி தேதி கண்ணு தெரியலன்னு பையனை படிக்கச் சொன்னா "எல்லாம் புதுசுதான் பாட்டி"ங்கறானாம். இன்னொரு வீட்ல, பழைய பாக்கி 340 ரூபாயை எதிர் வீட்டுக்காரம்மா நிக்கும்போது சத்தமா கேட்டுட்டீங்களாம். அந்தம்மா பாக்கியை மறுநாளே கட்டிட்டாங்க. அதுக்கப்புறம் வரவே இல்ல. உங்களுக்கு வராக்கடன் வந்துருச்சுன்னு சந்தோஷம், மாசம் ஆறாயிரம் ரூபா வியாபாரம் நடையக் கட்டினது உங்க நோட்டுல எங்கயும் எழுதியிருக்காது.

அந்த கடன் நோட்டைப் பத்தி நானே சொல்றேன், ஏன்னா உங்களைக் குத்தம் மட்டும் சொல்லிட்டுப் போற ஆளு நான் இல்ல. 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 செல்லாதுன்னு சொன்னாங்களே, மறுநாள் காலைல இந்த ஏரியா சாப்பிட்டது அந்த நீள நோட்டாலதான். ஏடிஎம் வாசல்ல ஊரே நின்னப்ப "எடுத்துட்டு போங்கம்மா, நோட்டு வந்ததும் பார்த்துக்கலாம்"னு நீங்க எழுதிக்கிட்டே இருந்தீங்க, எனக்கே நீங்க குடுக்க வேண்டிய பில் பணம் மூணு வாரம் நின்னுச்சு, நான் திட்டு வாங்கினேன், பரவால்ல. 2020 மார்ச்ல லாக்டவுன் போட்டப்ப வாசல்ல சுண்ணாம்புல வட்டம் போட்டு, ஷட்டரை பாதி எறக்கி, வயசானவங்க வீட்டுக்கு உங்க பையனையே சைக்கிள்ல அனுப்பினீங்க. 2017 மார்ச் 1ல இருந்து பெப்சி கோக் விக்க மாட்டோம்னு வணிகர் சங்கங்கள் சொன்னப்ப ஜனங்க முணுமுணுக்காம பொவண்டோ கேட்டு வாங்கினாங்களே, ஏன்? ஜல்லிக்கட்டுக்கு மெரினால ஜனம் உக்காந்து ரெண்டு மாசம்கூட ஆகல, அவங்க மனசுல ஓடினதைத்தான் நீங்க கடைல செஞ்சீங்க. இப்ப இந்த பேனர்ல உங்க மனசுல ஓடறது மட்டும்தான் இருக்கு. படிக்கறவ மனசுல ஓடறது அதுல ஒரு வரிகூட இல்ல.

நான் விக்கற சரக்குலயே இருக்கற ஒரு கதை சொல்றேன். நீங்க வாசல்ல தோரணம் மாதிரி சரம் சரமா தொங்க விடறீங்களே ஷாம்பு பாக்கெட், அந்த யோசனை பெருசா வளர்ந்தது நம்ம கடலூர்ல. சின்னி கிருஷ்ணன்னு ஒருத்தர், பணக்காரன் வாங்கற சாமானை கூலிக்காரனும் வாங்கணும்னு சின்னச் சின்ன பாக்கெட்ல அடைச்சு விக்கணும்னு புடிச்சுக்கிட்டு நின்னவரு. பாட்டில் வாங்க காசு இல்லாதவன் கடைக்கு வந்து பாட்டிலைப் பார்த்துட்டு சீயக்காய் வாங்கிட்டுப் போவான், பாக்கெட் வந்ததும் நிமிர்ந்து நின்னு "ஒரு ஷாம்பு குடுங்க"ன்னு கேட்டான், அவ்ளோதான் வித்தியாசம். அவரு மகன் ரங்கநாதன் 1983ல 15,000 ரூபாயை வெச்சு தனியா சிக் ஷாம்பு ஆரம்பிச்சாரு, அதுதான் பின்னாடி கெவின்கேர். அவங்க கிராமம் கிராமமா போயி பசங்க தலைல ஷாம்பு போட்டு அலசி, தொட்டுப் பாரு முடியன்னு காமிச்சாங்க. காலி பாக்கெட் கொண்டு வந்தா ஒரு சிக் இலவசம்னு ஸ்கீம் போட்டாங்க, முதல்ல எந்த கம்பெனி காலி பாக்கெட்டா இருந்தாலும் சரின்னு சொல்லிட்டு அப்புறம் சிக் பாக்கெட்டுக்கு மட்டும்னு மாத்தினாங்க, பயங்கரமான மூளை. அதுக்கப்புறம் மல்லி வாசனை, ரோஜா வாசனை. நம்ம ஊரு பொண்ணு தலைல என்ன வெச்சுக்கறான்னு பார்த்தாலே தெரியற விஷயம், ஆனா பாக்கணுமில்ல.

மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியும் அப்படித்தான். டாக்டர் வெங்கடசாமி 1976ல 11 படுக்கையோட ஆரம்பிச்சது. கிராமத்துல கேம்ப் போட்டு, ஆபரேஷன் இலவசம், வாங்கன்னு சொன்னாலும் ஜனம் வரல. போய் விசாரிச்சா, பஸ்ஸுக்கு காசு இல்ல, அங்க சோத்துக்கு என்ன பண்றது, கூட வர்றவன் கூலி போச்சு. வேன் வெச்சு கூட்டிட்டுப் போயி சோறும் போட்ட பிறகுதான் கூட்டம் வந்துச்சு. இலவசம்னாலும் வர முடியாத அளவுக்கு ஒருத்தனுக்கு கஷ்டம் இருக்கும், அத அவனா வாயத் தொறந்து சொல்ல மாட்டான். நம்ம கடைக்கு வர்றவங்களும் சொல்ல மாட்டாங்க. பேசாம போயிடுவாங்க.

சில்லறை ஞாபகம் இருக்கா அண்ணாச்சி? ரெண்டு ரூபா பாக்கிக்கு ரெண்டு மிட்டாய். வேணாம்னு சொல்லவும் முடியாது, ரெண்டு ரூபாய்க்கு சண்டை போட்டான்னு பேர் வரும். அத வருஷக்கணக்கா பண்ணினோம், மிட்டாய் ஜாரை நானே ஸ்கீம்ல தள்ளியிருக்கேன். யுபிஐ வந்ததும் ஜனம் அப்படி பாஞ்சதுக்கு டெக்னாலஜி மட்டும்தான் காரணம்னு நெனக்கறீங்களா, 48 ரூபான்னா 48 ரூபா, பேச்சு இல்ல, மிட்டாய் இல்ல. ஆனா அதோட வந்த ஸ்பீக்கர் பெட்டி இருக்கு பாருங்க, அது இன்னொரு கெடுதல் பண்ணிடுச்சு. முன்னாடி காசு வாங்கவாவது நிமிர்ந்து பார்ப்பீங்க. இப்ப பெட்டியே கத்துது "நாற்பத்தெட்டு ரூபாய் பெறப்பட்டது"ன்னு, நீங்க போன்ல ரீல்ஸ் பார்த்துக்கிட்டே தலைய மட்டும் ஆட்டறீங்க. போன மாசம் ஒரு கடைல ஆர்டர் எழுத அரை மணி நேரம் நின்னேன், பதினொரு பேர் வந்து போனாங்க, எண்ணினேன். அண்ணாச்சி ஒருத்தரோட மொகத்தையும் பார்க்கல. எந்த கடைன்னு சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும்.

பெரிய கடைல போன் நம்பர் வாங்கறான்னு பார்த்துட்டு இப்ப நீங்களும் மூணு நாலு பேரு பில்லிங் மெஷின் வாங்கி, ரெண்டு சோப்புக்கெல்லாம் நம்பர் கேக்கறீங்க. அவன் கேக்கறது ஏன்னா அவனுக்கு வர்றவ யாருன்னே தெரியாது, நம்பரை வெச்சுத்தான் கண்டுபிடிக்கணும். உங்களுக்கு அவ மாமியார் பேரே தெரியும். நம்பர் குடுன்னு கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு 2023 மே மாசமே மத்திய நுகர்வோர் துறை கடைக்காரங்களுக்கு சொல்லிடுச்சு, அது வேற. ஒரு பொம்பளைப் புள்ள பத்து பேர் நடுவுல நம்பர சத்தமா சொல்லணுமா? யோசிங்க.

இதையெல்லாம் விட பெரிய சேதாரம் போன வருஷம் செப்டம்பர்ல நடந்துச்சு. 2025 செப்டம்பர் 22ல இருந்து சோப்பு, ஷாம்பு, பேஸ்ட், தலைக்கு தடவற எண்ணெய் எல்லாம் 18 பர்சன்ட்ல இருந்து 5 ஆச்சு. 100 ரூபா பேஸ்ட் கிட்டத்தட்ட 89 ரூபா வரணும். டிவில பார்த்துட்டு ஜனம் காலைலயே வந்து கேட்டாங்க. ஆப்ல ராத்திரியே வெல மாறிடுச்சு. நம்ம லைன்ல முக்காவாசி கடைல ஒரே பதில், "அது பழைய ஸ்டாக்மா". உங்க சங்கடம் எனக்குத் தெரியும், பழைய வெலைக்கும் புது வெலைக்கும் உள்ள ரேட் டிஃபரன்ஸை நாங்களே குடுக்கறதுக்கு இழுத்தடிச்சோம், காம்போசிஷன்ல, அதான் விக்கறதுல ஒரு சின்ன பர்சன்ட் மட்டும் வரியா கட்டற ஏற்பாட்டுல, இருக்கற சின்ன கடைக்கு கட்டின வரி திரும்பவும் வராது, கைக்காசு போகும். ஆனா உங்க கைக்காசு போறது அவளுக்குத் தெரியாதே. அவளுக்குத் தெரிஞ்சது வெல ஏறினா அன்னிக்கே ஏத்தற அண்ணாச்சி, எறங்கினா பழைய ஸ்டாக்குங்கறாரு.

ரயில்வே கேட் பக்கத்துல இருக்கற ஒரு அண்ணாச்சி மட்டும் வேற மாதிரி பண்ணினாரு. ஸ்டாக்கை எண்ணினாரு, வெல கொறஞ்ச சாமான் மொத்தம் பதினாலாயிரம் ரூபாய்க்கு இருந்துச்சு, கொறச்சு வித்தா ஆயிரத்து ஐநூறு ரூபா போகும்னு என்கிட்ட கணக்கு போட்டுக் காமிச்சாரு. "தீபாவளிக்கு காலண்டர் அடிக்கற காசுன்னு வெச்சுக்கறேன்"னு சொல்லிட்டு அன்னிக்கே புது வெல எழுதி சிலேட்ல தொங்க விட்டுட்டாரு. எங்க கம்பெனில இருந்து டிஃபரன்ஸ் பின்னாடி வந்துச்சு, அது வராமலே போயிருந்தாலும் அவரு கவலைப்பட்டிருக்க மாட்டாரு. அந்த மாசம் அவரு ஆர்டர் கொறையல, லைன்ல கொறையாத ரெண்டு மூணு கடைல அது ஒண்ணு.

அவரைப் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்றேன், ஏன்னா கடைக்கு ஏசி இல்ல, ஆப் இல்ல, பத்துக்கு பன்னெண்டு கடை. ஒரு தடவை நான் நிக்கும்போது ஒரு அம்மா சீட்டு குடுத்தாங்க. பூண்டு ஒரு கிலோ, கருப்பட்டி, சுக்கு, ஓமம், நல்லெண்ணெய். சீட்டைப் பார்த்துட்டு மெதுவா கேட்டாரு, "பொண்ணு வந்திருக்காப்லயா, என்ன குழந்தை?" அந்தம்மா மொகம் அப்படியே மலர்ந்துச்சு. "பேரன்"னாங்க. உள்ள போயி அரிசித்திப்பிலி எடுத்துட்டு வந்து "இத எழுத மறந்துட்டீங்க போல"ன்னு வெச்சாரு. காசு வாங்கிட்டாருங்க, சும்மா ஒண்ணும் குடுக்கல. சாமான் லிஸ்டைப் பார்த்து வீட்ல என்ன நடக்குதுன்னு கண்டுபிடிக்கத்தான் அந்த ஆப்காரன் கம்ப்யூட்டர் கம்ப்யூட்டரா வாங்கி வெச்சிருக்கான்.

சனிக்கிழமை சம்பளம் போட்டா ஞாயித்துக்கிழமை அவரு கடைல நிக்கறது பாதிக்கு மேல பீகார், ஒடிசா பசங்க. சைட்ல சென்ட்ரிங், கம்பி வேலை பாக்கற பசங்க. மத்தவங்க கடைல அவங்களை "ஏய் இன்னா வேணும்"னு கேக்கும்போது இவரு கடுகெண்ணெய், அஞ்சு கிலோ ஆட்டா, அவல் எறக்கி வெச்சு, கித்னா, சாஹியே, பச்சாஸ்னு ஒரு பத்து வார்த்தை கத்துக்கிட்டாரு. இந்தி வேணுமா வேணாமாங்கற சண்டைக்கு நான் வரல, அது மேடைல பேசிக்கட்டும். ஊரு விட்டு ஊரு வந்து பொழைக்கறவன் கடைல வந்து பேந்தப் பேந்த முழிக்கறது எப்படி இருக்கும்னு திருநெல்வேலில இருந்தும் தூத்துக்குடில இருந்தும் பதினஞ்சு வயசுல ரயிலேறி வந்த உங்களுக்கு நான் சொல்லணுமா?

கடைப் பையனைப் பத்தியும் சொல்லிடறேன். காலைல ஆறு மணில இருந்து ராத்திரி பத்து வரைக்கும் அவன் நின்னுக்கிட்டே இருக்கான், ஒம்பது மணிக்கு மேல வர்றவங்க கிட்ட எரிஞ்சு விழறான், கால் வலி அவனுக்கு. கடைல வேலை பாக்கறவங்களுக்கு உக்கார சீட்டு குடுக்கணும்னு 2021லயே நம்ம சட்டசபைல சட்டத்தைத் திருத்தியாச்சு. எத்தனை கடைல ஸ்டூல் இருக்கு? நான் பார்த்த வரைக்கும் ஸ்டூல் மேல எண்ணெய் டின்தான் உக்காந்திருக்கு.

என் தப்பையும் சொல்லிடணும், இல்லன்னா சாமி கண்ணைக் குத்தும். நாலு வருஷம் முன்னாடி மார்ச் மாசக் கடைசி, டார்கெட் முடியல, ஒரு புது சோப்பு, வாசனை யாருக்கும் புடிக்கலன்னு எனக்கே தெரியும். ஸ்டேஷன் ரோட்டு அண்ணாச்சி தலைல இருபது டஜன் கட்டிட்டேன். அவரு என்னை நம்பி வாங்கினாரு. ஒரு வருஷம் கழிச்சும் அந்த பெட்டி அவரு கடை மேல்தட்டுல இருந்துச்சு, அவரு ஒரு வார்த்தை கேக்கல, ஆர்டரை மட்டும் பாதியாக் கொறச்சுட்டாரு. நான் என்னடா போட்டிக்காரன் நல்ல ஸ்கீம் குடுக்கறான் போலன்னு நெனச்சு சுத்திக்கிட்டு இருந்தேன். ஒரு நாள் அவரு வீட்டம்மாதான் போட்டு உடைச்சாங்க, "உங்ககிட்ட கேட்டா நீங்க சங்கடப்படுவீங்கன்னு அவரு பேசலப்பா". பெட்டிய எறக்கி என் கைக்காசுல ரிட்டர்ன் எடுத்தேன், ஆர்டர் இன்னும் பழையபடி ஆகல. நீங்க எனக்கு கஸ்டமர், பேசாம போயிட்டீங்க. அதேதான் உங்களுக்கும் நடக்குது.

அதனால ஒண்ணு கேக்கறேன். பேனர் அடிங்க, வேணாம்னு சொல்லல. அதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பழைய கடன் நோட்டை எடுத்து, ரெண்டு வருஷம் முன்னாடி வரைக்கும் மாசாமாசம் வந்து இப்ப வராம போன மூணு வீட்டுப் பேரை எழுதுங்க. கடைல வெச்சு கேக்காதீங்க, அவங்க சிரிச்சு மழுப்பிட்டு போயிடுவாங்க. உங்க வீட்டம்மாவை அனுப்புங்க, அவங்ககிட்டன்னா அந்த வீட்டுக்காரங்க சொல்லுவாங்க. என்ன சொன்னாங்கன்னு சங்கக் கூட்டத்துல பேசுங்க, பேர் வேணாம், விஷயம் மட்டும். மே 5 வணிகர் தின மாநாட்டுக்கு வேன் புடிச்சுப் போகும்போது ரெண்டரை மணி நேரம் அரசியல்தானே பேசறீங்க, அதுல அரை மணி நேரம் இத பேசலாம்.

ரயில்வே கேட் அண்ணாச்சி கடைல இப்ப சாயங்காலம் நாலுல இருந்து ஏழு வரைக்கும் அவரு வீட்டம்மாதான் கல்லா. நாப்கின் ரேக்கை அவங்க வெளிப்பக்கம் மாத்திட்டாங்க, வர்றவங்களே எடுத்துப்பாங்க, பேப்பர் கெடையாது, கருப்பு கவர் கெடையாது. கால் கிலோவா அரை கிலோவான்னு கேக்கறதும் இல்ல, முன்னாடியே கால் கிலோ பாக்கெட் போட்டு அடுக்கியிருக்காங்க. போன வெள்ளிக்கிழமை ஆர்டர் எழுதும்போது நாப்கின் மட்டும் மூணு மடங்கு கேட்டாங்க, நான் பேனாவை நிறுத்திட்டு "அக்கா சரியாத்தான் சொல்றீங்களா"ன்னு கேட்டேன்.

வீட்டுக்கு வந்து அத சொன்னேன். இவ அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தா, திரும்பாமயே கேட்டா, "அந்த அக்கா எத்தனை மணி வரைக்கும் இருப்பாங்க?"

செவ்வாக்கிழமை வரேன் அண்ணாச்சி. பேனருக்கு என் 500ஐ அன்னிக்கு தரேன். போன மாச பில் பாக்கி இருக்கறவங்க, கூட்டத்துல வெச்சு கேக்க மாட்டேன், ஓரமா வாங்கிக்கறேன்.

இப்படிக்கு,
உங்க சோப்பு லைன் தம்பி